மேலே இன்னொரு மாடி எழுப்பலாமா? – வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி மொட்டைமாடியைப் பற்றியவையாகவே இருக்கும். மனை வாங்கி வீடு கட்டுவது எட்டாத விலைக்குப் போய்விட்ட சென்னையில், இருக்கும் வீட்டின் மேலேயே இன்னொரு மாடி எழுப்பிக் கொள்ளலாம் என்று பலரும் நினைப்பது இயல்புதான். இம்முறை அப்படி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா 1992-இல் கட்டிய வீடு தரைத்தளமும் முதல் தளமுமாக இருக்கிறது. பின்னால் ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்று அப்போதே மொட்டைமாடியில் பில்லர் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறார். தம்பிக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் இரண்டாம் தளம் கட்ட நினைக்கிறோம். "கம்பி விட்டிருக்கிறது, ஒன்பது அங்குலப் பில்லர், தாராளமாகக் கட்டலாம்" என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: நீட்டி விட்ட கம்பி உங்கள் அப்பாவின் விருப்பத்தைக் காட்டுகிறதே தவிர, அந்த விருப்பத்துக்கு ஏற்ற ஃபுட்டிங்கை, அதாவது தூணைத் தாங்கும் அகன்ற அடித்தளத்தை, அவர் மண்ணுக்குள் போட்டாரா என்பதைக் காட்டவில்லை. சென்னையின் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்த துருப்பிடித்த கம்பிகளைப் பார்க்கலாம். அவற்றில் எத்தனை வீடுகளுக்குக் கீழே மூன்று தளத்துக்கான அடித்தளம் இருக்கிறது என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கு எப்படிப் போகும் என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். உங்கள் வீட்டில் தூண்கள் 11½ அடி இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் ஒரு தூண் ஒவ்வொரு தளத்திலும் சுமார் 132 சதுர அடியின் சுமையை வாங்கிக் கொள்ளும். ஐந்து அங்குல காங்கிரீட் தளம் சதுர அடிக்கு 29 கிலோ; தரை ஓடும் அதன் கீழுள்ள கலவையும் 9 கிலோ; மனிதர், கட்டில், பீரோ என்று குடியிருப்புக்கு விதிப்படி எடுத்துக்கொள்ள வேண்டிய பயன்பாட்டுச் சுமை 19 கிலோ. ஆக 57 கிலோ என்ற கணக்கில் ஏழரை டன் வருகிறது. பீமின் எடை ஒன்றேகால் டன்னும், அந்தப் பரப்பில் எழும் செங்கல் சுவர்கள் ஏழு டன்னும் சேர்ந்தால், ஒரு தளம் அந்த ஒரு தூணின் தலையில் ஏற்றுவது ஏறத்தாழ 16 டன். மொட்டைமாடியில் சுவர் இல்லாததால் அது ஒன்பதரை டன்னோடு நிற்கும். இப்போதைய நிலையில் உங்கள் தரைத்தளத்துத் தூண் சுமப்பது சுமார் 25 டன். இன்னொரு மாடி வந்தால் அது 41 டன்னாகும்.

இனி தூணுக்கு வருவோம். 1992-இல் ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் கலவை போடுவதுதான் வழக்கம். அது நன்றாக வந்திருந்தால் எம்-15 என்ற தரத்தைத் தொடும் (எண் கூடினால் வலிமை கூடும்). குறைந்தது எம்-20 வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 என்ற இந்திய காங்கிரீட் விதிநூலில்தான் வந்தது. ஒன்பதுக்கு ஒன்பது அங்குலத் தூணில் 12 மில்லிமீட்டர் கம்பி நான்கு இருந்தால், நேர்ச்சுமையாக மட்டும் அது பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது சுமார் 30 டன். உங்கள் மேஸ்திரியின் "தாராளம்" அந்த முப்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் இடையே மாட்டிக்கொள்கிறது. காற்றாலும் நில அதிர்வாலும் தூணில் வரும் வளைவை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மண்ணும் இப்படித்தான். சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் மண்ணில், இருதள வீட்டுக்கு நாலரை அடிச் சதுர ஃபுட்டிங் சரியாகப் பொருந்தும். அதே ஃபுட்டிங்கின் மேல் மூன்றாவது கூரை ஏறினால் மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 24 டன் அழுத்தம் விழும். அதற்கு ஐந்து அடி எட்டு அங்குலச் சதுரம் தேவைப்பட்டிருக்கும். "முப்பது வருடமாக அழுந்தி மண் இறுகியிருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். களிமண் ஓரளவு இறுகுவது உண்மைதான். ஆனால் எவ்வளவு இறுகியது என்பதை அளந்து பார்க்காமல் அதை நம்பிக் கட்டக் கூடாது. உங்கள் பகுதியை ஒட்டிய தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து உருவானதுதான். பழைய ஏரிப்படுகையின் ஓரங்களில் ஒரு மனைக்கும் அடுத்த மனைக்கும் மண் வேறுபடும். ஆகவே பக்கத்து வீட்டு மண் பரிசோதனை அறிக்கையின் நகலை வைத்துக்கொண்டு கணக்குப் போடவும் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை குழி தோண்டுவது. நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் சித்திரை, வைகாசியில் தோண்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தூணின் அருகே மட்டும், ஃபுட்டிங்கின் அடிமட்டம் தெரியும்வரை தோண்டி, அதன் நீளம், அகலம், கனம், ஆழம் ஆகியவற்றை அளந்து, படம் எடுத்து, மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசு அடித்து மூடிவிட வேண்டும். வெளியிலிருந்து எளிதாகத் தோண்டலாம் என்பதால் எல்லோரும் வீட்டின் மூலைத் தூணையே தோண்டிப் பார்க்கிறார்கள். மூலைத் தூண் சுமப்பதோ நடுத்தூணின் சுமையில் ஏறக்குறைய கால் பங்கு. கூடத்துத் தரை ஓட்டைப் பெயர்க்க மனம் வராமல் நடுத்தூணை விட்டுவிட்டால், தேர்வில் எளிய கேள்விக்கு மட்டும் விடை எழுதிவிட்டு வந்த கதைதான். கே.கே. நகரில் ஒரு வீட்டில், பிளானில் ஐந்து அடி என்று தெளிவாக வரைந்திருந்த ஃபுட்டிங் தோண்டியபோது மூன்றரை அடியாக இருந்ததை நானே அளந்திருக்கிறேன். கட்டியவர் உயிரோடு இல்லை, யாரைக் கேட்பது?

கம்பிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பியை வயர் பிரஷ் கொண்டு தேய்த்து, வெர்னியர் வைத்து அதன் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். தளத்தோடு சேரும் கழுத்துப் பகுதியில்தான் அது அதிகம் மெலிந்திருக்கும். மெலிந்திருந்தால், கீழே நல்ல கம்பி தெரியும்வரை தூணின் தலையை உடைத்து அங்கிருந்து புதுக் கம்பியை இணைக்க வேண்டும். துருவின் மேல் சிமெண்ட் பால் பூசுவது யாரையும் காப்பாற்றாது.

கேள்வி: 1984-இல் கட்டிய எங்கள் அடுக்ககத்தில் பீம்களின் அடியில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. இருந்தாலும், மேலே ஒரு தளம் கட்டி விற்றால் அந்தப் பணத்தில் முழுக் கட்டடத்தையும் பழுதுபார்க்கலாம் என்று சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஒருவர் சுத்தியல் போன்ற கருவியால் பத்து இடங்களில் தட்டிப் பார்த்து, காங்கிரீட் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருக்கிறார். அதை நம்பலாமா?
– ஒரு வாசகர், பெசன்ட் நகர்

பதில்: நம்ப வேண்டாம். அந்தக் கருவியின் பெயர் ரீபவுண்ட் ஹேமர். காங்கிரீட்டின் மேல்தோல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அதிலிருந்து வலிமையைக் கணிப்பதில் 25 விழுக்காடு கூடவோ குறையவோ போகலாம் என்று அதற்கான இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. அதோடு ஒரு வேடிக்கையும் உண்டு: காற்றிலுள்ள கரியமில வாயு பழைய காங்கிரீட்டுக்குள் ஊறும்போது மேல்தோல் கூடுதலாக இறுகும், அதே நேரத்தில் உள்ளிருக்கும் கம்பி தன் பாதுகாப்பை இழக்கும். அதாவது எந்த மாற்றத்தால் கம்பி கெடுகிறதோ அதே மாற்றம் சுத்தியலில் நல்ல எண்ணாக வந்து நிற்கும்.

உங்கள் கட்டடத்துக்குத் தேவையான சோதனைகள் வேறு. புதிதாக உடைத்த காங்கிரீட்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை எஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதியில் காரம் போய்விட்டது என்று பொருள். நிறமற்ற அந்தப் பட்டை கம்பிவரை போயிருக்கிறதா என்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிடலாம். அடுத்து, தூளாகத் துளைத்து எடுத்த மாதிரியில் குளோரைடு, அதாவது உப்பு, எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உங்களுக்கு இது மிக முக்கியம். மூன்றாவது, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனை. செப்பு சல்பேட் மின்வாயைக் கொண்டு அளக்கும்போது கழித்தல் 350 மில்லிவோல்டையும் தாண்டிய எதிர்மதிப்பு வந்தால், அந்த இடத்தில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு. கடைசியாக, தூண்களிலிருந்தும் பீம்களிலிருந்தும் உருளையாக வெட்டியெடுத்து நசுக்கிப் பார்க்கும் கோர் சோதனை. மூன்று உருளைகளின் சராசரி வேண்டிய வலிமையில் 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது.

உங்கள் கட்டடத்தின் வயதைப் பார்த்தால் உள்ளே முறுக்குக் கம்பிதான் இருக்கும்; அந்நாளில் டார் ஸ்டீல் என்று சொல்வார்கள். குளிர்நிலையில் முறுக்கிய அந்தக் கம்பியின் மேற்பரப்பு ஏற்கெனவே உள்ளிறுக்கத்தில் (தகைவில்) இருப்பதால் துரு அதை எளிதில் பற்றிக்கொள்ளும். துருவாக மாறிய இரும்பு இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது. இந்த நிலையில் மேலே ஒரு தளம் ஏற்றி, அந்தப் பணத்தில் கீழே பழுதுபார்ப்பது என்பது முழங்கால் வலிக்காரரின் தலையில் மூட்டையை ஏற்றி, அந்தக் கூலியில் அவருக்கு மருந்து வாங்கித் தருவது போன்றது. சங்கத்தில் இதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் மேலே மாடி எழுப்பினார்கள். ஐந்தாறு ஆண்டுகளாக ஒரு விரிசல்கூட இல்லை. பொறியாளர்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறதே?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: வீடு விழாமல் நிற்பதற்கும் பாதுகாப்பாக நிற்பதற்கும் இடையே, வடிவமைப்பில் வேண்டுமென்றே விட்டு வைத்த ஓர் இடைவெளி உண்டு. அனுமதியற்ற மாடி அந்த இடைவெளியைத் தின்று வாழ்கிறது. தின்று தீர்ந்துவிட்டது என்பதை அது முன்கூட்டியே சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தென்கொரியத் தலைநகர் சியோலில் சாம்பூங் பல்பொருள் அங்காடி நான்கு தளங்களாகத் திட்டமிட்டு, ஐந்தாவது தளம் சேர்த்துக் கட்டப்பட்டது. திறந்து சுமார் ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து போனார்கள். 1995 ஜூன் 29 அன்று அது இடிந்தபோது 502 பேர் இறந்தார்கள். வங்காளதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடத்திலும் மேல்தளங்கள் அனுமதியின்றி எழுந்தவை. 2013 ஏப்ரல் 24 அன்று காலை அது சரிவதற்கு முந்தைய நாளே விரிசல்களைப் பார்த்திருந்தார்கள். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உங்கள் தெருவின் நான்கு வீடுகளும் நூறாண்டு நிற்கட்டும். ஆனால் அவை உங்கள் வீட்டுக்குச் சான்றிதழ் ஆகா.

கேள்வி: மயிலாப்பூரில் தாத்தா காலத்து வீடு, 1930-களில் கட்டியது. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல் வைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை. சுவர்கள் பதினாலு அங்குலம். சுவர் இவ்வளவு கனமாக இருப்பதால் மேலே ஒரே ஒரு அறையும் குளியலறையும் கட்டலாம் அல்லவா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: சுவரின் கனத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அம்மா. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய அந்தச் சுவர், படிப்படியாக அகலும் செங்கல் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. தன் எடையையும் அந்தக் கூரையையும் சுமக்கத்தான் அது கட்டப்பட்டது. கூரையோ, விட்டங்களின் குறுக்கே செங்கற்களைச் சாய்கோணத்தில் பக்கவாட்டாக நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் கட்டையால் நாள்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்தியது. அது வெயிலையும் மழையையும் தாங்கும். ஒரு அறையின் சுவர் வரிசையை அதன் மேல் வைத்தால் தாங்காது.

இன்றைக்கே ஒரு காரியம் செய்து பாருங்கள். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு விட்டமும் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரமும் கறையானும் முதலில் பிடிப்பது அந்த முனையைத்தான். நடுவில் கல் போல ஒலிக்கும் தேக்கு அங்கே பொடியாக உதிரக்கூடும். மேலே குளியலறை வந்தால் அதன் கசிவு போய்ச் சேரும் இடமும் அதுவே.

எப்படியும் அறை வேண்டும் என்றால், பழைய சுவரையும் கூரையையும் தொடாமல், தனி ஃபுட்டிங்கோடு இரும்புத் தூண்களை எழுப்பி, பழைய கூரைக்கு மேலே இடைவெளி விட்டுப் புதுத் தளத்தை நிறுத்தலாம். அப்போதும் புது ஃபுட்டிங்குக்குத் தோண்டும் குழி பழைய சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமலும் அதை ஒட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவைக் கேட்டால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். என் வீடாக இருந்தால் முற்றத்தை அப்படியே விட்டு, கொல்லைப்புறத்தில் அறையைக் கட்டிக்கொள்வேன்.

கேள்வி: வேளச்சேரியில் எங்களுடையது தரையில் வண்டி நிறுத்துமிடமும் மேலே இரண்டு தளங்களும் கொண்ட வீடு. கறுப்புக் களிமண் என்பதால் 1999-இல் அண்டர் ரீம்டு பைல் போட்டார்கள். பைல் போட்டிருப்பதால் இன்னும் ஒரு தளம் கட்டலாம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: அண்டர் ரீம்டு பைல் உங்கள் மண்ணுக்குச் சரியான தேர்வுதான். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மேல்மண்ணைத் தாண்டிக் கீழே போய், தண்டைப் போல இரண்டரை மடங்கு விட்டமுள்ள குமிழால் அது பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு தூணின் கீழும் எத்தனை பைல், என்ன விட்டம், ஒற்றைக் குமிழா இரட்டைக் குமிழா என்பதைப் பொறுத்துத் தாங்கும் சுமை பெரிதும் வேறுபடும். கட்டி முடித்த வீட்டின் கீழே குமிழைப் போய்ப் பார்க்க முடியாது. பைல் போட்டவரின் பதிவேடோ பழைய வரைபடமோதான் சாட்சி. அது கிடைக்காவிட்டால் குறைவான மதிப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கவலை பைலைவிட வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றியது. மேலே இரண்டு தளங்களிலும் சுவர்கள் நிறைந்து கெட்டியாக நிற்க, கீழ்த்தளத்தில் வெறும் தூண்கள் மட்டுமே இருக்கின்றன. நில அதிர்வில் அசைவு முழுவதும் அந்த ஒரு மட்டத்தில் குவியும். 2001 ஜனவரியில் புஜ் நிலநடுக்கம் வந்தபோது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் சரிந்த அடுக்ககங்களில் பல இவ்வகையானவை. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான அதிர்வைச் சென்னைவாசிகளும் உணர்ந்தார்கள். 2002-இல் திருத்தி வெளியான, நில அதிர்வுக்கான ஐ.எஸ். 1893 விதிநூல் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. உங்கள் வீடு அதற்கு முன்பே கட்டியது. அன்றைய குறைந்த அளவுக்கே கணக்குப் பார்த்திருப்பார்கள், பார்த்திருந்தால். இப்போது உச்சியில் ஒரு தளம் சேர்ப்பது எடையை மட்டுமா கூட்டும்? உயரத்தில் சேரும் எடை கீழ்த்தூண்களைப் புரட்டும் விசையைக் கூடுதலாகப் பெருக்கும். ஆகவே தளம் சேர்ப்பதற்கு முன்பு, வண்டி போக வர இடைஞ்சல் இல்லாத இரண்டு மூன்று இடைவெளிகளில் இரு திசைகளிலும் காங்கிரீட் சுவர் எழுப்ப முடியுமா என்று ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் கேளுங்கள். தளம் சேர்க்காவிட்டாலும் அதைச் செய்து வைப்பது நல்லது.

கேள்வி: தூண்களுக்குக் கார்பன் ஃபைபர் துணியைச் சுற்றினால் இரண்டு தளம்கூட ஏற்றலாம் என்று ஓர் ஒப்பந்ததாரர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: துணி நல்லதுதான், துணியை விற்கும் பேச்சில்தான் கோளாறு. கார்பன் ஃபைபர் தூணை இறுக்கிக் கட்டி, காங்கிரீட் பக்கவாட்டில் பிதுங்காமல் தடுத்து வலிமையைக் கூட்டும். வட்டத் தூணில் அதன் பயன் முழுதாகக் கிடைக்கும். சதுரத் தூணில் மூலைகளை உருட்டிவிட்டாலும் பாதியாகிவிடும். நீள்சதுரத் தூணில் இன்னும் குறையும். அதோடு ஃபுட்டிங்குக்கும் மண்ணுக்கும் அது எதுவும் செய்யாது.

காங்கிரீட் ஜாக்கெட்டிங் இதைவிடப் பழைய வழி. தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, குறைந்தது நாலு அங்குலக் கனத்துக்குப் பழையதைவிட உயர்ந்த தர காங்கிரீட் ஊற்றுவது. இதில் நடக்கும் பெரிய தவறு, ஜாக்கெட்டைத் தரையோட்டின் மட்டத்திலேயே நிறுத்திவிடுவது. புதுக் கம்பி ஃபுட்டிங்குக்குள் இறங்கி, அங்கே துளையிட்டுப் பசை வைத்து ஊன்றியிருக்க வேண்டும். ஃபுட்டிங்கும் தேவைக்கேற்ப அகல வேண்டும். இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். பழைய தூண் ஏற்கெனவே சுமையோடு நிற்கிறது. அதன் பக்கத்தில் புதிதாக ஊற்றிய காங்கிரீட் அதற்குப் பின் வரும் சுமையில் மட்டுமே பங்கு கொள்ளும். அதனால்தான் வேலைக்கு முன் பீம்களின் அடியில் இரும்பு முட்டுகளைக் கொடுத்து, ஜாக் வைத்துத் தூணின் சுமையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறோம். உங்கள் ஒப்பந்ததாரரிடம் முட்டு எங்கே கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் எவ்வளவு தெரிந்தவர் என்பது விளங்கிவிடும்.

கேள்வி: 2019 கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை) ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்திவிட்டார்களே, அப்படியானால் மாடி கட்ட நமக்கு உரிமை இருக்கிறதுதானே? சுயசான்றிதழ் முறையில் அனுமதி வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: குறியீடு உயர்ந்தது, ஃபுட்டிங் உயரவில்லை. எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பது நகரமைப்புக் கணக்கு, உங்கள் கட்டடம் அதைச் சுமக்குமா என்பது வேறு கணக்கு. சுயசான்றிதழ் முறை 2024 ஜூலையில் வந்தபோது, 2,500 சதுர அடிவரையான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாத, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளுக்கானதாக இருந்தது. அதற்கு மேல் போகிறவர்கள் அப்போது வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அடுக்ககமாக இருந்தால் மொட்டைமாடி எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானதா என்பதைப் பத்திரத்தில் பார்த்துவிட்டு, வழக்கறிஞரிடம் போங்கள்; அது என் துறை அல்ல.

கேள்வி: எடை குறைவாகக் கட்டினால் பழைய ஃபுட்டிங்கே போதுமா? ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த கல்) சுவரும் ஷீட் கூரையும் போட்டால் என்ன? நாங்கள் கீழே குடியிருந்தபடியே மேலே கட்டலாமா?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இந்த வாரத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இது. மேற்கு மாம்பலம் வாசகிக்குப் போட்ட அதே கணக்கை எடுத்துக்கொள்வோம். செங்கல் கனமீட்டருக்கு 1,900 கிலோ, ஏ.ஏ.சி. பிளாக் 650 கிலோ அளவில்தான் இருக்கும். பூச்சையும் சேர்த்தால், ஏழு டன்னாக இருந்த சுவர் எடை இரண்டரை டன்னுக்குச் சற்று மேல் வரும். காங்கிரீட் கூரைக்குப் பதில் இரும்புச் சட்டமும் ஷீட்டும் போட்டால், ஒன்பதரை டன் இருந்த இடத்தில் ஒன்றேகால் டன்னோடு முடியும். தூணுக்கு வரும் மொத்தச் சுமை 41 டன்னிலிருந்து 28½ டன்னாக இறங்கி, அந்த முப்பது டன் தூணுக்குள் அடங்கிவிடுகிறது. மண்ணின் மேல் அழுத்தம் மட்டும் சதுர மீட்டருக்கு 17 டன்னை ஒட்டி நின்று, பதினைந்தைத் தாண்டும். முறையான மண் பரிசோதனையில் 17 டன்னும் அதற்கு மேலும் தாங்கும் என்று வந்தால் வழி பிறக்கும். வராவிட்டால் ஃபுட்டிங்கை அகலப்படுத்த வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இப்போதைய மொட்டைமாடியின் மேலுள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் தட்டோட்டையும் முழுதாகப் பெயர்த்து அகற்ற வேண்டும். பலர் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். சதுர அடிக்குப் பதினெட்டரை கிலோ வீதம், 900 சதுர அடி மாடியில் அது பதினாறு டன்னுக்கும் மேல். பயனில்லாத ஒரு சுமையைக் காலத்துக்கும் வீட்டின் தலையில் விட்டுவிட்டுப் போவதாகும். சுவர்களையும் கீழே பீம் இருக்கும் கோட்டிலேயே எழுப்புங்கள். படுக்கையறை சிறிதாக இருக்கிறது என்று தளத்தின் நடுவில் சுவரை நகர்த்தாதீர்கள்.

ஷீட் கூரைக்கு எதிரி எடை அல்ல, காற்று. சென்னைக்கு வடிவமைப்புக் காற்றின் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். கூரையின் ஓரங்களில் அது மேல்நோக்கி உறிஞ்சுவதால், ஷீட்டின் சொந்த எடை பத்துக் கிலோகூட இல்லாத நிலையில், ஆங்கர் போல்ட்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது தெருவில் பறந்த ஷீட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போல்ட்டைச் சுவரின் மேல்வரிசை பிளாக்கில் இறக்காமல், காங்கிரீட் பீமிலோ தூணிலோ இறக்கச் சொல்லுங்கள்.

கீழே குடியிருப்பதைப் பொறுத்தவரை, ஜாக்கெட்டிங் வேலையும் முட்டுகளும் இருக்கும் அறைகளைக் காலி செய்துவிட்டு மற்ற அறைகளில் இருக்கலாம். அதைவிட முக்கியமாக, கட்டும் பொருளை எங்கே இறக்குகிறார்கள் என்பதைத் தினமும் நீங்களே மேலே போய்ப் பாருங்கள். ஒரு யூனிட் எம்-சாண்ட் நாலரை டன். ஆயிரம் செங்கல் மூன்று டன். மாடிப்படி ஏறியதும் வசதியாக இருக்கிறது என்று இரண்டையும் ஒரே மூலையில் குவித்துவிட்டு, பக்கத்தில் ஆயிரம் லிட்டர் டிரம்மில் தண்ணீரும் நிரப்பி வைப்பார்கள். எட்டரை டன்னை ஒரே தளத்தின் நடுவில் வைக்க அந்தத் தளம் வடிவமைக்கப்படவில்லை. மணலை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் ஏற்றச் சொல்லி, பிளாக்குகளை பீம் ஓடும் கோட்டின் மேல் இரண்டு வரிசை உயரத்துக்கு மிகாமல் பரப்பி அடுக்கச் சொல்லுங்கள். பீம் எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால், கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்து மொட்டைமாடியில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுங்கள்.